பெரஹரா, ஆடிவேல் பழைய தபாலட்டைகள்: மட்டக்களப்புக் காற்றில் எது தாங்கும், எதற்குக் காசு கொடுக்கலாம்

பழைய திருவிழாத் தபாலட்டை சேர்க்க இறங்குபவர்கள் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள். யானை எத்தனை, கூட்டம் எவ்வளவு, தேர் முழுதாகத் தெரிகிறதா என்று. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ திருக்கோவிலிலோ இருந்துகொண்டு சேர்ப்பவர், அந்தப் படம் கடதாசியில் எப்படி ஏறியிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் நாம். மையால் அச்சடித்த கார்டும், ஜெலற்றின் பூசிய போட்டோக் கார்டும் இந்த ஈரத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சந்தையில் கிடைக்கும் கார்டு வகைகளையும், அவற்றை வைக்கக் கடைகளில் விற்கும் உறை, அல்பம், பெட்டி ஆகியவற்றையும் அந்தக் கண்ணாலேயே இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

தலதா மாளிகையின் யானை ஊர்வலமான கண்டிப் பெரஹராவும், கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்து புறப்படும் முருகனின் வேல் ஊர்வலமான ஆடிவேலும்தான் இலங்கைத் திருவிழாக் கார்டுகளில் அதிகம் அகப்படுபவை. காரணம் கப்பல். கொழும்பில் நிலக்கரி ஏற்ற நின்ற கப்பல்களின் பயணிகள் கரையிறங்கி, கார்டு வாங்கி, ஊருக்கு எழுதிப் போட்டார்கள். அதனால் இன்றைக்கு அந்தக் கார்டுகள் கண்டியில் இருப்பதைவிட இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி வீடுகளின் பழைய பெட்டிகளில்தான் கூடுதலாக இருக்கின்றன. டெல்காம்ப், ஈபே போன்ற இணையச் சந்தைகளுக்கு வருவதும் அங்கிருந்துதான். தேடும்போது ‘ஸ்ரீலங்கா’ என்று போட்டால் பாதி கூட வராது. ‘சிலோன்’ என்று தேடுங்கள், பிரெஞ்சுக்காரர் எழுதும் ‘செய்லான்’ என்றும் தேடுங்கள். பெரஹரா என்ற சொல்லை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தேருக்கு ‘ஜகர்நாட் கார்’ என்றும், ஆட்டக்காரருக்கு ‘டெவில் டான்சர்ஸ்’ என்றும் தலைப்பிட்டிருப்பார்கள். நம் தேரைப் பூரி ஜகந்நாதரின் பேரால் தேடவேண்டி இருப்பது வேதனைதான். ஆனாலும் அந்தச் சொல்லைப் போடாமல் போனால் நல்ல கார்டுகள் கண்ணில் படாது.

முதலில் அச்சுக் கார்டு. 1890இல் தொடங்கிய கொழும்பு பிளாட்டே என்ற போட்டோ நிறுவனத்தின் கார்டுகள்தான் இந்தத் துறையின் முதுகெலும்பு. பத்து மடங்கு பெருப்பிக்கும் கண்ணாடி ஒன்று கையில் வேண்டும். நகை செய்யும் பத்தர்மார் கல் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியே போதும். யானையின் நெற்றிப்பட்டத்தில் அதை வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது ஹாஃப்டோன். புள்ளி இல்லாமல், காய்ந்த குளத்துச் சேறு வெடித்தது போலவோ, நுண்ணிய புழு நெளிந்தது போலவோ கோடுகள் தெரிந்தால் அது கொலோடைப். கண்ணாடிக்குள் எந்தக் கோலமும் இல்லாமல், கறுப்பு மெல்லமெல்ல வெள்ளையாக மாறிக்கொண்டே போனால் அது ‘ரியல் போட்டோ’, அதாவது நெகற்றிவில் இருந்து நேரே கழுவி எடுத்த படம்.

மூன்றிலும் நம் ஊருக்குப் பொருத்தமானது கொலோடைப் கார்டு. பதிப்பு மை கடதாசிக்குள் ஊறி நிற்கிறது, மேலே ஒட்டும் படலம் எதுவும் இல்லை, ஈரம் பட்டாலும் பக்கத்துக் கார்டோடு ஒட்டிக்கொள்ளாது. படத்தின் நுணுக்கமும் ஹாஃப்டோனைவிட எவ்வளவோ மேல். கூட்டத்தில் நிற்பவரின் தலைப்பாகை மடிப்புவரை எண்ணலாம். 1914 போருக்கு முன் உலகத்தின் மிகப் பெரும்பகுதிக் கார்டுகள் ஜெர்மனியில்தான் அச்சாகின. பின்பக்கத்தில் ஜெர்மனி என்றோ சாக்சனி என்றோ அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அந்தப் போருக்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரஃபாயல் டக் கம்பனியின் ‘ஒயிலெற்’ கார்டுகளும் கூடவே வரும். பார்க்க அழகு. ஆனால் அவை ஓவியத்தின் அச்சு, போட்டோ இல்லை. திருவிழா எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சியாக அவற்றை வைக்க முடியாது. போட்டோக் கார்டு சேர்ப்பவர் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

ரியல் போட்டோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். படமாகப் பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. ஸ்கான் செய்து பெருப்பித்தால் பின்னால் இருக்கும் கடைப்பலகையின் எழுத்துகூட வாசிக்க வரும். ஆனால் படம் நிற்பது ஜெலற்றினில். ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டும்போது ஜெலற்றின் இளகத் தொடங்கும். அந்த நேரத்தில் கண்ணாடிச் சட்டமோ பிளாஸ்டிக் உறையோ அதை அழுத்திக்கொண்டிருந்தால் ஒட்டிவிடும், பிறகு பிரித்தால் முகம் முழுதும் உறையோடு வரும். பழைய ரியல் போட்டோவைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். கறுத்த ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரியும். வெள்ளி மேலே பூத்து வந்த அடையாளம் அது. ஒரு வகையில் அது குறை, இன்னொரு வகையில் அசல் என்பதற்கான நல்ல சான்று. அதைத் துடைத்து எடுக்கப் பார்க்கக் கூடாது. துடைத்தால் படமும் சேர்ந்து போகும்.

வயது பார்ப்பது பின்பக்கத்தில் தொடங்குகிறது. பின்பக்கம் முழுதும் முகவரிக்கு மட்டும் என்றிருந்தால், எழுதுவதற்கு முன்பக்கத்தில் படத்துக்குக் கீழே வெள்ளை விட்டிருப்பார்கள். இது பழைய வகை. நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்ற முறையைப் பிரித்தானியா 1902இல் அனுமதித்தது, ஜெர்மனி 1905இல், அமெரிக்கா 1907 மார்ச்சில். முத்திரை ஒட்டியிருந்தால் இன்னும் வசதி. இலங்கையில் ஏழாம் எட்வேட் மன்னர் தலை 1903இல் வந்தது, ஐந்தாம் ஜோர்ஜ் 1912இல். ‘சிலோன்’ என்ற பெயர் 1972 வரை. ஆனால் கார்டின் வயது வேறு, படத்தின் வயது வேறு. ஒரே நெகற்றிவை இருபது வருடம் வைத்து அடித்திருக்கிறார்கள். 1925இல் தபாலில் போன கார்டின் பெரஹரா 1905இல் நடந்ததாக இருக்கலாம். ரியல் போட்டோக் கடதாசியின் முத்திரைப் பெட்டிக்கும், அதாவது முத்திரை ஒட்ட அச்சிட்ட கட்டத்துக்கும், இதே எச்சரிக்கை பொருந்தும். ஏஸோ என்ற வகைக் கடதாசியில் அந்தப் பெட்டியின் நாலு மூலை முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரை, இரண்டு மேலும் இரண்டு கீழும் என்றால் 1918 முதல் 1930 வரை என்பது சேகரிப்போர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அது கடதாசிக்குத்தான், திருவிழாவுக்கு இல்லை.

இடத்தைப் படமே காட்டிக்கொடுக்கும். தலைப்பை நம்புவதைவிடச் சுவரை நம்பலாம். எண்கோண மண்டபமும் முகில் வடிவில் மேடுபள்ளமாகக் கட்டிய மதிலும் தெரிந்தால் கண்டி, தலதா மாளிகை வாசல். மாளிகைக்குப் பொன் கூரை போட்டது 1987இல். அந்தக் கூரை தெரியும் கார்டை ‘ஐம்பதுகளின் கார்டு’ என்று விற்றால் வாங்காதீர்கள். கொழும்பில் மின் ட்ராம் 1899இல் தொடங்கி 1960இல் நின்றது. வேல் ஊர்வலத்துக்குப் பின்னால் தண்டவாளமோ தலைக்குமேல் கம்பியோ இருந்தால் அந்த இடைவெளிக்குள் தேடுங்கள்.

இரவுப் பெரஹரா என்று தலைப்பிட்ட பழைய கார்டுக்கு விசேஷமாகக் கூடுதல் விலை கேட்பார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டால், தீவட்டி வெளிச்சத்தில் நடக்கும் யானையை அசையாமல் பிடிப்பது பெரும்பாடு. அதனால் பழைய படங்களில் பெரும்பகுதி, ஆற்றில் நடக்கும் நிறைவுச் சடங்கான நீர்வெட்டுக்குப் பிறகு வரும் பகல் பெரஹராவில் எடுத்தவை. யானையின் வயிற்றுக்குக் கீழே தரையைப் பாருங்கள். அங்கே கறுத்த, ஓரம் கூர்மையான நிழல் விழுந்திருந்தால் அது வெயில். மேலே நீல மை பூசி, தீவட்டிக்கு மஞ்சள் தீட்டி இரவாக்கியிருக்கிறார்கள். அது போலி இல்லை, அக்கால அச்சகத்தின் கைவேலை. அதையும் சேர்க்கலாம், ஆனால் பகல் படத்தின் விலைக்கு.

அதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. ஜெர்மனியில் காட்டு விலங்கு வியாபாரம் செய்த ஹாகன்பெக் குடும்பத்தார் இலங்கையில் இருந்து ஆட்களையும் யானைகளையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சி வைத்தார்கள். அந்தக் காட்சிகளுக்கும் கார்டு அடித்தார்கள். யானை, மேளம், ஆட்டக்காரர் எல்லாம் சரியாக இருக்கும். பின்னால் நிற்பவர்கள் தொப்பியும் கனத்த கோட்டுமாக இருப்பார்கள், மரத்தில் நம் ஊர் இலை இருக்காது. கண்காட்சிக்காகக் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டவர்களின் வரலாறு அது, தனியாகச் சேர்க்கத் தகுந்தது. பெரஹரா அல்பத்துக்குள் கலந்து வைத்தால் இரண்டு வரலாறும் கெட்டுப்போகும்.

மறுபதிப்புகளைக் கண்டுபிடிக்க இரண்டே சோதனை. ஒன்று கண்ணாடி. பின்பக்கத்தில் கையால் எழுதிய பேனா மையைப் பாருங்கள். அந்த மைக் கோட்டுக்குள்ளும் புள்ளி தெரிந்தால், கறையும் கையெழுத்தும் சேர்த்து ஸ்கான் பண்ணி அடித்தது. இரண்டாவது யூவி, அதாவது புறஊதா டோர்ச். 1950ஐ ஒட்டிய காலத்துக்குப் பின்தான் கடதாசியில் வெண்மையூட்டி பரவலாகச் சேர்ந்தது. இருட்டு அறையில் அடித்தால் புதுக் கடதாசி நீலவெள்ளையாக ஒளிரும், பழையது மங்கலாகவே கிடக்கும். டோர்ச் 365 நனோமீற்றராக இருக்கட்டும். மலிவாக விற்கும் 395, ஊதா வெளிச்சத்தையே எல்லாவற்றிலும் பூசிவிட்டு ஏமாற்றும்.

வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு பக்கத்துப் படத்தையும் கேளுங்கள், நாலு மூலையும் தெரிய வேண்டும். மூலை மடிந்தால் பரவாயில்லை, படத்தின் குறுக்கே மடிப்பு விழுந்தால் வேண்டாம். முத்திரை உரித்த கார்டில் பெரும்பாலும் கடதாசியின் தோலும் உரிந்திருக்கும், தேதி சொல்லும் தபாலகச் சீலும் பாதி போயிருக்கும். விலையை நன்றாகக் குறைத்துக் கேட்கலாம். எழுதிப் போட்ட கார்டைவிட எழுதாத கார்டுதான் சுத்தம் என்று சிலர் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீல் தெளிவாக விழுந்த கார்டு நாளோடும் ஊரோடும் பேசுகிறது, எழுதாத கார்டுக்கு அந்த வாய் இல்லை. பொதி வரும்போது இரண்டு தடித்த மட்டைக்கு நடுவே, பொலித்தீனில் சுற்றி, பதிவுத்தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். மட்டையில் நேரே செலோடேப் ஒட்டி கார்டைப் பிடிக்க வேண்டாம் என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி வைக்கும் சாமான்கள். நகரத்துக் கடைகளில் போட்டோ அல்பம் என்று கேட்டால் தருவது இரண்டு வகை. பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் வகையைத் தொடவே வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகி, கார்டின் முதுகோடு ஒன்றாகிவிடும். மற்றது பை வைத்த அல்பம். அந்தப் பை பெரும்பாலும் பீவீசீ. புது மழைக்கோட்டு மணம் அடித்தால் அதுதான். அதை இளக வைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து படத்தில் ஏறும். கேட்டு வாங்க வேண்டியது பொலிபுரொப்பிலீன் உறை. கடைக்காரர் சொல்வதை நம்பத் தேவையில்லை. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, சவர்க்காரம் ஒரு துளி கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பொலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசு, மேலே வந்து மிதக்கும். பீவீசீ அடியில் போய்க் கிடக்கும். பொலியெஸ்டரும் தாழும், ஆனால் அது விறைப்பாக, மணமில்லாமல், இழுத்தால் நீளாமல் இருக்கும். அது விலை கூடிய, மிக நல்ல உறை. பழைய கார்டு 9க்கு 14 சென்ரிமீற்றர், அதற்கு 9.5க்கு 14.5 உறை சரி. இன்றைய 10.5க்கு 14.8 கார்டுக்கு வரும் உறையில் பழையதைப் போட்டால் உள்ளே ஆடி ஆடி மூலை மழுங்கும்.

அச்சுக் கார்டை உறையில் போடுங்கள். ரியல் போட்டோவை, முன்சொன்ன ஒட்டும் குணத்துக்காக, அமிலமில்லாத வழுவழுப்பற்ற கடதாசியில் சுற்றி வையுங்கள். லெமினேட் பண்ணவே கூடாது. பிறப்புச் சான்றிதழ் தொடங்கி எல்லாவற்றையும் லெமினேட் பண்ணிப் பத்திரப்படுத்தும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. சூடும் பசையும் சேர்ந்து ஏறிய கார்டைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

பெட்டிக்குக் காத்தான்குடியிலும் கல்முனையிலும் சாப்பாட்டுச் சாமானுக்கு விற்கும், மூடியில் றப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டியே போதும். அடியில் ‘பீபீ’ என்றோ முக்கோணத்துக்குள் 5 என்றோ இருக்கட்டும். உள்ளே செம்மஞ்சள் நிற சிலிக்கா ஜெல். நீல நிறம் வேண்டாம், அதில் கோபால்ற் உப்பு இருக்கிறது. எவ்வளவு போடுவது என்பதில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். பாதணிப் பெட்டியோடு வரும் இரண்டு பைக்கற்றைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். 5 லீற்றர்ப் பெட்டியின் காற்றில் இருக்கும் நீர் ஒரு கிராமின் சிறு பங்குதான். நீர் இருப்பது கார்டுக்குள். ஒரு கார்டு ஏறத்தாழ 4 கிராம், 200 கார்டு என்றால் 800 கிராம் கடதாசி. மாரிக் காலத்தில் அதில் ஊறியதில் 25, 30 கிராம் நீரையாவது இறக்கினால்தான் 50 வீதத்துக்கு வரும். அதற்கு 150 கிராம் ஜெல் வேண்டும். செம்மஞ்சள் மங்கிப் பச்சையானதும் 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓவனில் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். ஓவன் இல்லாவிட்டால் தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறலாம். கறுத்தால் சூடு கூடிப்போயிற்று. மூடிய போத்தலில் ஆறவிட்டுப் போடுங்கள், திறந்து ஆறவிட்டால் ஆறுவதற்குள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். அந்தத் தாச்சியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

ஈரப்பதமானி ஒன்றும் பெட்டிக்குள் இருக்கட்டும். மலிவு மானிகள் பத்து வீதம் கூடக்குறையக் காட்டும், சோதிக்க உப்புப் போதும். போத்தல் மூடியில் கறியுப்பு நிரப்பி, ஈரமணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கி மூடும் பையில் எட்டு மணித்தியாலம் வையுங்கள். உள்ளே 75 வீதம் இருக்கும். மானி 68 என்று காட்டினால் எப்போதும் ஏழைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் நல்லது. 65க்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் கொண்டாடும். கச்சான் காற்று அடிக்கும் வரண்ட நாட்களில் பெட்டியைத் திறந்து கார்டு பார்க்கலாம், ஸ்கான் செய்யலாம். வாடைக் காலத்தில் அவசியம் இல்லாமல் திறக்க வேண்டாம். வேப்பிலை போடுவது நம்மவர் வழக்கம். பச்சை இலை பெட்டிக்குள் ஈரத்தைத்தான் கொண்டு வரும். பூச்சி உருண்டையும் வேண்டாம்.

ஸ்கான் 600 டீபீஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), இரண்டு பக்கமும், டிஃப் கோப்பாக. 9க்கு 14 கார்டு 2126க்கு 3307 பிக்சல் வரும், கோப்பு ஏறத்தாழ 21 மெகாபைற். ஹாஃப்டோன் கார்டில் புள்ளியை அழிக்கும் வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள், அச்சு வகைக்கு அந்தப் புள்ளிதான் சாட்சி. குறிப்பை மென்மையான பென்சிலால், கார்டைக் கவிழ்த்து, கெட்டியான தரையில் வைத்து எழுதுங்கள். போல்பொயின்ற் பேனா முன்பக்கத்தில் தழும்பு விடும்.

மாமாங்கத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், மண்டூர், திருக்கோவில் ஆடி அமாவாசை, பாண்டிருப்புத் தீப்பள்ளயம், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் எல்லாவற்றுக்கும் கார்டு கிடைக்குமா என்று பலரும் கேட்பார்கள். வெளிநாட்டு ஏலத்தில் இவற்றைத் தேடிக் களைக்க வேண்டாம். அந்தக் கப்பல் பயணிகள் வந்த பாதை கொழும்பும் கண்டியும்தான். மட்டக்களப்புக்குப் புகையிரதமே 1928இல்தான் வந்தது. ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் பின்பக்கத்தில் தபாலட்டைக் கோடு அச்சிட்ட போட்டோக் கடதாசியில் படம் கழுவிக் கொடுக்கும் வழக்கம் எங்கும் இருந்தது. வீட்டு அல்பத்தில் தேரடியில் நிற்கும் ஒரு படம் இருந்தால் திருப்பிப் பாருங்கள். நடுக்கோடும் முத்திரைப் பெட்டியும் இருந்தால் அது ரியல் போட்டோத் தபாலட்டைதான், அந்த நெகற்றிவில் இருந்து இரண்டோ மூன்றோ பிரதிதான் எடுத்திருப்பார்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியிலும் 2004 டிசம்பர் 26 கடல்கோளிலும் நனைந்து தப்பிய அல்பங்களில் இப்படியான படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். காய்ந்த நிலையில் பிரிக்கக் கூடாது. முதலில் ஒட்டிக் கிடக்கும் கட்டு முழுவதையும் அப்படியே ஸ்கான் செய்யுங்கள். கறுப்பு வெள்ளை, வண்ணம் தீட்டாதது என்று உறுதியானால் மட்டும் குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் அரை மணித்தியாலம்வரை ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து மெல்ல நழுவ விடலாம். விரலால் நெம்பக் கூடாது. வராவிட்டால் விட்டுவிடுங்கள். பிரிந்ததை முகம் மேலாக, வெயில் படாத இடத்தில், வெள்ளைப் பருத்தித் துணியில் காயவையுங்கள். பேனாவால் எழுதியிருக்கும் பின்பக்கம் தண்ணீரில் கரையும், அதை ஊறவிடுமுன் படமெடுக்க மறக்க வேண்டாம். புதிதாக நனைந்தவற்றைப் பார்க்க அன்றைக்கு நேரம் இல்லையென்றால், இடையில் மெழுகுத்தாள் வைத்துப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைகூட்டில் வைத்துவிடலாம். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது.